சோற்றைக் குறைத்தால் தட்டில் எதை வைப்பது?

“சோத்தக் கொறைங்க, ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி சாப்பிடுங்க.” விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை முதன்முதலாகத் தெரிந்துகொள்ளும் ஒருவர், கையில் மாத்திரைச் சீட்டோடும் காதில் இந்த ஒரு வரியோடும்தான் பெரும்பாலும் வீடு திரும்புகிறார். வீடு போய்ச் சேர்வதற்குள் அதனோடு இன்னும் பல சேர்ந்துவிடுகின்றன. பக்கத்து வீட்டில் கேவுரு (கேழ்வரகு) களி கிண்டச் சொல்கிறார்கள். மச்சான் கருப்பட்டிக் காப்பிக்கு மாறச் சொல்கிறார். வெண்டைக்காய் ஊறிய தண்ணீர், வெந்தயம், ஆவாரம்பூ என்று கைபேசியில் ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. சில நாள் சோற்றை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, பசி தாங்காமல், வேலை செய்யத் தெம்பில்லாமல், பழைய தட்டுக்கே பலர் திரும்பிவிடுகிறார்கள். “மாத்திர போட்டுக்கினுதான் இருக்கேன், சுகரு மட்டும் எறங்கவே மாட்டேங்குது” என்ற புலம்பல் அங்கிருந்து தொடங்குகிறது.

அவர்களைக் குறை சொல்வது அநியாயம். சோற்றைக் குறைக்கச் சொன்னவர்கள், குறைந்த இடத்தில் எதை வைப்பது என்று சொல்லவில்லை. சொன்ன இடங்களிலும் அதை வாங்கிச் சாப்பிட வழி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க 1,13,043 பேரிடம் நடத்திய ‘இண்டியாப்’ ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்றும் அது கணக்கிட்டது. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு இந்நோய். தமிழ்நாட்டில் 2020-இல் நடத்தப்பட்ட ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில் இந்த விகிதம் 17.6 சதவீதமாக இருந்தது. அதைவிடக் கவலை தரும் எண் ஒன்று அதில் உண்டு: நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கு மட்டுமே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. பத்தில் ஒன்பது பேர் கட்டுப்பாடு இல்லாமல் இருக்கிறார்கள் என்றால், அதை ஒன்பது பேரின் சோம்பல் என்று சொல்லிவிட்டு நகர முடியாது.

இது நகரத்து நோய், உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் நோய் என்ற எண்ணமும் இனி செல்லாது. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் கிராமத்தில் வாழ்ந்தார்கள். வயலில் குனிந்து நடவு நடுகிறவர், கரும்பு வெட்டுகிறவர், மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் நிற்கிறவர் என உடம்பில் சதையே இல்லாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. இந்தியர்களுக்கு வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பு எளிதில் படிகிறது. எடை அதிகம் ஏறாமலேயே இன்சுலின் வேலை செய்வது மந்தமாகிவிடுகிறது. ஒல்லியாக இருக்கிறோம் என்ற நிம்மதியில் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் இங்கே ஏராளம்.

இப்படி உழைக்கிறவர்கள் ஒருநாள் சாப்பிடுவதைப் பார்ப்போம். காலையில் பழைய சோறும் ஊறுகாயும், அல்லது ஐந்தாறு இட்லி. பத்தரை மணிக்குச் சர்க்கரை போட்ட டீயும் பன்னும். மதியம் தட்டு நிறையச் சோறு, மேலே புளிக்குழம்பு. குழம்பில் கத்தரிக்காயோ முருங்கைக்காயோ இரண்டு துண்டு. மாலையில் மறுபடி டீ, முறுக்கு. இரவில் மிஞ்சிய சோறு, இல்லையென்றால் தோசை. உழைப்பாளியின் சாப்பாடுதான் இது, ஊதாரித்தனம் எதுவும் இதில் இல்லை. ஆனால் மாவுச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. நானூறு கிராம் சோறு கொண்ட மதியத் தட்டில் அது 110 கிராமைத் தாண்டிவிடும். நாளெல்லாம் கூட்டினால் 350 கிராமுக்கும் மேலே போகும். புரதம் சோற்றில் உள்ள கொஞ்சத்தோடு நின்றுவிடுகிறது. காய்கறி என்பது குழம்புக்கு வாசனை கொடுக்க வந்ததாகிவிடுகிறது.

மாவுச்சத்து கெட்டது என்று சொல்வதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. இட்லியில் இருந்தாலும் கேழ்வரகில் இருந்தாலும் சப்பாத்தியில் இருந்தாலும் மாவுச்சத்து வயிற்றில் உடைந்து குளுக்கோஸாகித்தான் இரத்தத்தில் சேரும். எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்ற இரண்டையும் பொறுத்துத்தான் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் எண் ஏறுகிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் தவிடும் முளையும் போய்விடுவதால் வேகம் கூடுதல். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை சோதித்தபோது, தமிழ்நாட்டு வீடுகளில் புழங்கும் பொன்னி அரிசியின் கிளைசெமிக் குறியீடு, அதாவது சர்க்கரையை ஏற்றும் வேகத்தின் அளவு, 70-ஐ ஒட்டி வந்தது. எழுபதும் அதற்கு மேலும் உயர்ந்த அளவாகக் கருதப்படுகிறது.

அளவைப் பற்றி இன்னொரு பெரிய ஆய்வு பேசுகிறது. இருபத்தொரு நாடுகளில் 1,32,373 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ‘ப்யூர்’ ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. தெற்காசியாவில் நாளொன்றுக்கு வெந்த வெள்ளைச் சோறு 450 கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்த ஆய்வில் சோறு மிக அதிகமாகச் சாப்பிட்டதும் நம் பகுதியினர்தான்; நாளொன்றுக்கு 630 கிராம் என்பது தெற்காசியாவின் நடுத்தர அளவு. சீனர்களும் அரிசி உண்பவர்களே. அவர்களுடைய அளவு 200 கிராம்தான், ஏனென்றால் அவர்கள் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் வேறு பலவும் இருக்கின்றன.

சப்பாத்திக்கு மாறினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையை 2025-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த இண்டியாப் உணவு ஆய்வு அசைத்துவிட்டது. 1,21,077 பேரின் சாப்பாட்டைக் கணக்கெடுத்த ஆய்வு அது. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், வெள்ளை அரிசியைக் கோதுமை மாவாகவோ சிறுதானிய மாவாகவோ மட்டும் மாற்றிக் கணக்கிட்டபோது நோய்க்கான வாய்ப்பு குறையவில்லை. மாறாக, ஆற்றலில் 5 சதவீதத்தை மட்டும் மாவுச்சத்திலிருந்து எடுத்துப் பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றிக் கணக்கிட்டபோது வாய்ப்பு குறைந்தது. ஒரு காலகட்டத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் காரண காரியத்தை இது அறுதியிட்டுச் சொல்லாது. ஆனால் திசையைத் தெளிவாகக் காட்டுகிறது. இரண்டாயிரம் கலோரி சாப்பிடுகிறவருக்கு 5 சதவீதம் என்றால் 100 கலோரி. ஒரு சின்னக் கரண்டி சோறு குறைய வேண்டும். அந்த இடத்தில் ஒரு கைப்பிடிச் சுண்டல் வர வேண்டும். அவ்வளவுதான். இதை ஏன் மருத்துவமனைச் சுவர்களில் எழுதிவைக்கக் கூடாது?

கேழ்வரகைப் பற்றிச் சொல்லும்போது கவனம் தேவை, ஏனென்றால் இந்த மண்ணின் உணவு அது. ஆடி மாதத்தில் விழுப்புரம் மாவட்டத்து அம்மன் கோயில்களில் கூழ் வார்க்காத தெரு இருக்காது. அரிசி நாளும் கிடைக்காத காலத்தில் மானாவாரி நிலத்துக் கம்பும் கேழ்வரகும் வரகும்தான் இந்த ஊர்களைக் காப்பாற்றின. தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து கேழ்வரகில் பல மடங்கு. நூறு கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. இவை எல்லாம் உண்மை. ஆனால் நூறு கிராம் கேழ்வரகில் 67 கிராம் அளவுக்கு மாவுச்சத்தும் இருக்கிறது, அரிசியில் 78. அதனால் இரண்டு பெரிய உருண்டைக் களியைச் சாப்பிட்டுவிட்டு “சுகருக்கு நல்லது” என்று சொல்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. நைசாக அரைத்த மாவில் கரைத்த கூழ் வயிற்றில் நிற்காமல் விரைவில் சீரணமாகிவிடும். அந்தக் காலத்தில் களிக்குத் தொட்டுக்கொள்ளக் கீரையோ கருவாட்டுக் குழம்போ காராமணியோ இருந்தது, சாப்பிட்ட பிறகு ஏர் பிடிக்க வேண்டியிருந்தது. களி மட்டும் திரும்பி வந்து மற்றதெல்லாம் வராமல் போனால் பயன் பாதிதான்.

கருப்பட்டி விஷயத்தில் இந்தத் தயவுகூடக் காட்ட முடியாது. விக்கிரவாண்டிப் பக்கம் பனை மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. பதநீர் இறக்குவதும் நுங்கு வெட்டுவதும் பலருக்குப் பிழைப்பு, அது தழைக்க வேண்டும். ஆனால் பதநீரில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது கரும்பில் இருக்கும் அதே சர்க்கரை. அதைக் காய்ச்சிக் கெட்டியாக்கினால் கருப்பட்டி. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எதுவானாலும் கதை ஒன்றுதான். கொஞ்சம் தாதுச்சத்து கூடுதலாக இருக்கலாம். அதற்காக நாளைக்கு மூன்று டம்ளர் கருப்பட்டிக் காப்பி குடிக்கச் சொல்லி விற்பவர்கள் நோயாளிகளுக்குத் தீங்கு செய்கிறார்கள். இளநுங்கின் கதை வேறு. அதில் பெரும்பகுதி தண்ணீர். வெயில் காலத்தில் இரண்டு சுளை சாப்பிடுவதில் பெரிய பிழை இல்லை.

தர்ப்பூசணியும் அப்படித்தான். கோடையில் திண்டிவனத்தைச் சுற்றி நெடுஞ்சாலை ஓரம் குவித்துவைத்து விற்கும் பழத்தைச் சர்க்கரை நோயாளிகள் ஏக்கத்தோடு கடந்துபோகிறார்கள். அதன் கிளைசெமிக் குறியீடு அதிகம் என்று எங்கோ படித்திருப்பார்கள். பழத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நூறு கிராமில் மாவுச்சத்து எட்டு கிராமுக்குள்தான். ஒரு கீற்றுச் சாப்பிட்டால் சேர்வது ஒரு இட்லியின் அளவுக்கு அருகில்தான் இருக்கும். ஒரு கீற்றோடு நிறுத்த வேண்டும், சாறு பிழிந்து சர்க்கரை போட்டுக் குடிக்கக் கூடாது, வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட கையோடு சாப்பிடக் கூடாது. இவற்றைக் கடைப்பிடித்தால் அந்த ஆசையை அடியோடு விட வேண்டியதில்லை.

சோற்றோடு வாழும் வழி என்ன? மூன்று செய்திகள் இங்கே உதவும்.

முதலாவது, சாப்பிடும் வரிசை. நியூயார்க்கில் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், பதினொரு நோயாளிகள் ஒரே உணவை இரண்டு விதமாகச் சாப்பிட்டார்கள். ஒருநாள் மாவுச்சத்து முதலில். இன்னொரு நாள் காய்கறியும் இறைச்சியும் முதலில், மாவுச்சத்து கால் மணி நேரம் கழித்து. இரண்டாவது முறையில் ஒரு மணி நேரம் கழித்த சர்க்கரை அளவு 37 சதவீதம் குறைந்திருந்தது. உணவில் எந்த மாற்றமும் இல்லை. நம் வீட்டில் இதைச் செய்யப் பைசா செலவில்லை: பொரியல், கூட்டு, கீரை, சுண்டல் எது இருக்கிறதோ அதை முதலில் உண்டு முடித்துவிட்டுச் சோற்றுக்கு வரலாம். பொரியல் தொட்டுக்கொள்ள மட்டும் என்ற பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, அரிசியின் தீட்டு. அதிக எடை உள்ள இந்தியர்களுக்குச் சென்னையில் தொடர் குளுக்கோஸ் கருவி பொருத்தி, தவிடு நீக்காத அரிசியையும் வெள்ளை அரிசியையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், தவிடு உள்ள அரிசி சாப்பிட்டபோது நாள் முழுவதுமான குளுக்கோஸ் ஏற்றம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. அதோடு பயறும் சேர்த்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. கைக்குத்தல் அரிசி கிடைக்காத வீட்டில், நன்றாகத் தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி ஓரளவு மேல். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடுகிறது என்பது சரியே. அதை நம்பிப் பழைய சோற்றை இரண்டு கும்பா சாப்பிடுவது சரியில்லை.

மூன்றாவது, நடை. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 41 நோயாளிகளிடம் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாளில் ஏதோ ஒரு நேரம் அரை மணி நேரம் நடப்பதைவிட ஒவ்வொரு வேளை சாப்பிட்ட பிறகும் பத்து நிமிடம் நடப்பது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாகக் குறைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததில் பலன் மிகுதி. 22 சதவீதக் குறைவு. விடியற்காலையில் ஏரிக்கரையில் நடக்க நேரமில்லாத பெண்கள் இதைக் கேட்டு நிம்மதியடையலாம். பாத்திரம் கழுவி முடித்துத் தெருக்கோடி வரை இரண்டு முறை போய்வந்தால் போதும்.

சரி, தட்டில் எதைக் கூட்டுவது? பதில் இந்த மாவட்டத்தின் வயலிலேயே விளைகிறது என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து போன டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 போன்ற மணிலா (நிலக்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை) ரகங்கள் மாநில எல்லை தாண்டிப் பல தலைமுறை விவசாயிகளுக்குச் சோறு போட்டன. அந்த மல்லாட்டை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய், எண்ணெயாகவும் புண்ணாக்காகவும் பிரிந்து வெளியூர் போகிறது. விளைவித்த வீட்டில் அறுவடைக் காலத்தில் அவித்துத் தின்பதோடு சரி. மணிலாவில் நூறு கிராமுக்கு இருபத்து மூன்று கிராமுக்கு மேல் புரதம். சர்க்கரையை ஏற்றும் வேகமும் மிகக் குறைவு. கொழுப்பு அதிகம் என்பதால் நாளைக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் அளவு, அவித்தோ உப்பில்லாமல் வறுத்தோ போதும். நாலு மணி டீயோடு முறுக்குக்குப் பதில் அதைச் சாப்பிட்டால், மாவுச்சத்தில் ஒரு பகுதி தானாகவே விலகிவிடும்.

உளுந்தும் இங்கே பெருமளவு விளைகிறது. காராமணி, மொச்சை, கொள்ளு எல்லாம் சந்தைக்கு வருகின்றன. மரக்காணம் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. மத்தியும் நெத்திலியும் விலை மலிந்து வரும் நாள்கள் உண்டு. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கருவாட்டில் உப்பைக் கவனிக்க வேண்டும், மீன் என்றால் அந்தப் பயமில்லை. முட்டை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. முருங்கைக்கீரை வீட்டுக் கொல்லையில் தழைக்கிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் மட்டும் பருப்பையும் முட்டையையும் கூட்டும் முன் மருத்துவரிடம் அளவு கேட்டாக வேண்டும். மற்றவர்களுக்குத் தட்டின் பாதியில் காய்கறி, கால்பங்கில் பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால்பங்கில் சோறு என்ற எளிய பாகுபாடு போதும். கடும் உடலுழைப்பு வேலை செய்கிறவருக்குச் சோறு கொஞ்சம் கூடலாம். எல்லோருக்கும் ஒரே கரண்டிக் கணக்கு பொருந்தாது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மருந்தை அப்படியே போட்டுக்கொண்டு சோற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவருக்கு, உணவு தவறினால் சர்க்கரை 70-க்குக் கீழே சரியும். அதிகாலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் டீயோடு நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருண்டு வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வெயில் மயக்கம் என்று தண்ணீர் தெளித்து உட்காரவைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ உடனே கொடுக்க வேண்டும், கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும். அவர்கள் குளுக்கோஸ் பொடியையே கையில் வைத்திருப்பது நல்லது. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடி வாந்தியும் மூச்சிரைப்பும் வரக்கூடும். ஆகவே சோற்றைக் குறைக்கும் முடிவும் மருந்தின் அளவும் ஒரே மேசையில் பேசப்பட வேண்டியவை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தாழ்சர்க்கரைப் பயம் மிகக் குறைவு.

நோய் வந்து சில ஆண்டுகளுக்குள், உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு இன்னும் பெரிய நம்பிக்கை உண்டு. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் ஆகியோர் தலைமையில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் கலோரியை வெகுவாகக் குறைத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டின் முடிவில் மாத்திரையில்லாமலே நோயற்ற அளவுக்கு வந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமானது. நம் ஊரிலும் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் மாற்றியபோது நோயாக முற்றும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. ஆகவே சாப்பாட்டை மாற்றுவது மருந்துக்குத் துணைவேலை என்று யாரும் ஒதுக்கக் கூடாது.

சாப்பாட்டை மாற்றுவது என்றால் வீட்டை மாற்றுவது. நோயாளிக்குத் தனிச் சமையல் என்பது கிராமத்து வீட்டில் நடக்காத காரியம். நோயாளி ஆணாக இருந்தால் மனைவி எப்படியாவது சமாளித்துத் தனியே ஏதாவது செய்துகொடுப்பார். பெண்ணுக்கு நோய் என்றால்? எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவர் உட்காரும்போது சட்டியில் முட்டையும் மீன் துண்டும் தீர்ந்திருக்கும். சோறும் குழம்பும் மட்டும் மிஞ்சியிருக்கும். மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் அதையும் அவரே சாப்பிடுவார். பெண்களின் சர்க்கரை ஏன் குறையவில்லை என்று கேட்கும் மருத்துவர்கள், வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்றும் ஒருமுறை கேட்க வேண்டும். குடும்பம் முழுவதற்கும் ஒரே தட்டு மாற வேண்டும், அந்தத் தட்டில் அவருக்குரிய பங்கை முதலிலேயே எடுத்துவைக்க வேண்டும்.

இனி அரசின் பங்கு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய அந்தத் திட்டத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. பேசுகிறவர்கள் பசியை அறியாதவர்கள். 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தொடக்கத்தில் உளுத்தம்பருப்பும் தந்தார்கள், பிறகு நின்றுவிட்டது. இப்போது கணக்குப் போடுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 167 கிராம். ஒரு கிலோ பருப்பு என்றால் ஆளுக்கு 8 கிராம். அதில் இரண்டு கிராம் புரதம்கூடத் தேறாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளொன்றுக்குப் பருப்பு பயறு, அல்லது ஈடாக முட்டை, மீன், இறைச்சி 85 கிராம் வேண்டும் என்கிறது. தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எட்டு எங்கே, எண்பத்தைந்து எங்கே?

வழி இல்லாமல் இல்லை. சத்துணவில் குழந்தைகளுக்கு முட்டையும் பயறும் கொடுத்துக் காட்டிய மாநிலம் இது. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் ஏற்பாடு தொடங்கியது. அதே போல, விரும்புகிற குடும்பங்களுக்கு அரிசியில் ஒரு பகுதிக்குப் பதில் பருப்பு தரும் ஏற்பாட்டை விழுப்புரத்தில் தொடங்கிப் பார்க்கலாம். உளுந்தையும் துவரையையும் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலேயே விவசாயிகளிடம் நேரடியாக வாங்கலாம். அட்டைக்கு மூன்று கிலோ பருப்பு என்றால்கூட ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் ஆகும். ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார்.

மருத்துவத்துறையும் இன்னொரு படி ஏற வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் இன்று சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2024-இல் ஐ.நா. விருது பெற்ற திட்டம் அது. மாத்திரையைக் கொண்டுவரும் அந்தப் பெண் ஊழியர் தெருவின் ஒவ்வொரு அடுப்பையும் அறிந்தவர். அவர் கையில் ஒரு கரண்டியும் ஒரு தட்டுப் படமும் கொடுத்து, எவ்வளவு சோறு, அதற்குப் பக்கத்தில் என்ன என்று காட்டப் பயிற்சி தந்தால், பெரிய மருத்துவமனையின் கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிடுவார். முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்கள் சுற்றுவட்டார ஊர்களின் சாப்பாட்டுத் தட்டைப் படித்துவிட்டு அந்தப் பயிற்சிக் குறிப்பை எழுதலாம். புத்தகத்தில் உள்ள ஓட்ஸும் சாலட்டும் இல்லாமல், காராமணிக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் இருக்கும் குறிப்பாக அது இருக்க வேண்டும்.

வாசகர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைப் படித்த கையோடு மருந்தை மாற்றிவிட வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, சாப்பிடும் முன்னும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் எடுத்த சர்க்கரை அளவையும், ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். “எனக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு, கூட எவ்வளவு பருப்பு, மருந்தைக் குறைக்க வேண்டுமா?” என்று மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை நாற்காலியை விட்டு எழ வேண்டாம்.